ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று போகிறதா? வோல்டேஜை ஏற்றும் முன் இதைப் படியுங்க



வானகரத்தில் இருந்து எழுதுகிறேன். இன்று மருந்து மாத்திரை பற்றிய பதிவு இல்லை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்வது பற்றியது.

"டாக்டருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள்.

உடம்போ மெஷினோ, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் டோஸை ஏற்றினால் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் ஹேங் ஆனதும் நம்ம தம்பிகள் முதலில் கை வைப்பது வோல்டேஜில் தான். கொஞ்சம் ஏத்திப் பார்ப்போம், நிற்கலையா, இன்னும் கொஞ்சம்.

அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லித்தான் இந்தப் பதிவு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டில் ஒரு அறையில் கம்ப்யூட்டர் போட்டு கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன், கட்டிட வரைபடம், த்ரீடி ரெண்டரிங் செய்து குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். இஎம்ஐ போட்டு வாங்கிய மெஷின். அது படுத்தால் அந்த மாச வருமானமும் படுத்துவிடும். விளையாட்டுக்காக ஓவர்கிளாக் செய்பவர்களை விட இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை.

ப்ராசஸர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 500 கோடி தட்டு. கம்பெனி நிர்ணயித்த தாளத்தை விட வேகமாகத் தட்ட வைப்பது தான் ஓவர்கிளாக்கிங். தாளம் கூடும்போது ஒவ்வொரு தட்டுக்கும் கிடைக்கும் நேரம் குறையும். அந்த நேரத்துக்குள் டிரான்சிஸ்டர்கள் வேலையை முடிக்க வேண்டும். முடிக்க முடியாவிட்டால் கணக்கு தப்பாகும். சீக்கிரம் முடிக்க வைக்க வோல்டேஜைக் கூட்டுகிறோம்.

ஒரு காலத்தில் இதில் நல்ல லாபம் இருந்தது. 1998ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற ப்ராசஸர் 300 மெகாஹெர்ட்ஸ். பஸ் வேகத்தை 66ல் இருந்து 100க்கு மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். பெரும்பாலான சிப்கள் தாங்கின. பைசா செலவில்லாமல் 50 சதவீதம் கூடுதல் வேகம். ஓவர்கிளாக்கிங் மீது இன்றும் இருக்கும் மோகம் அந்தக் காலத்துச் சொத்து.

இன்றைய நிலை வேறு. கடையில் வாங்கும்போதே ப்ராசஸரைக் கிட்டத்தட்ட அதன் எல்லை வரை கம்பெனியே ஓட்டி அனுப்புகிறது. கோர் ஐ9-14900கே பெட்டியில் இருந்து எடுக்கும்போதே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். நமக்காக விட்டு வைத்தது சொற்பம்.

அந்தச் சொற்பத்துக்கு என்ன விலை?

ப்ராசஸர் இழுக்கும் மின்சக்தி, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இரண்டு மடி கணக்கிலும் ஏறும். வேகத்தை 5 சதவீதம் கூட்ட, வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.1 ஐ 1.1 ஆல் பெருக்கி, அதை 1.05 ஆல் பெருக்குங்க. 1.27 வரும்.

5 சதவீத வேகத்துக்கு 27 சதவீதம் கூடுதல் மின்சாரம். 150 வாட் இழுத்த சிப் இப்போது 190 வாட் இழுக்கும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

ஒரு மணி நேரம் ஓடும் ரெண்டர் இதனால் 57 நிமிடத்தில் முடியும். மிச்சம் 3 நிமிடம். அதே ரெண்டர் 50வது நிமிடத்தில் கிராஷ் ஆனால்? மறுபடி முதலில் இருந்து.

இந்த ஒரு கணக்கை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க.

நம்ம ஊர் வெயில் கணக்கு

உடம்பின் சூடு வெளியே போக வேண்டும் என்றால் சுற்றுப்புறம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். வெக்கையும் புழுக்கமும் சேர்ந்தால் வியர்வை ஆவியாகாது, சூடு உள்ளேயே தங்கும். மே மாதத்தில் ஹீட் ஸ்ட்ரோக் நோயாளிகள் வருவது இதனால் தான்.

ப்ராசஸர் கூலருக்கும் இதே விதி. ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, அறையின் வெப்பத்துக்குக் கீழே அதனால் சிப்பைக் கொண்டு போகவே முடியாது. அறை வெப்பம் எவ்வளவு ஏறுகிறதோ கிட்டத்தட்ட அதே அளவு சிப்பின் வெப்பமும் ஏறும்.

வெளிநாட்டு யூடியூபர் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் டெஸ்ட் செய்கிறார். அவருக்கு 84 டிகிரி காட்டும் அதே செட்டிங், ஏசி இல்லாத நம்ம வீட்டு அறையில் மே மதியம் 38 டிகிரியில் 100ஐத் தொடும். இன்டெல்லின் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் ஐ9 ப்ராசஸர்களின் உச்ச வரம்பே 100 டிகிரி தான். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்க.

சூடு ஏறினால் சிப்பில் மின்கசிவு கூடும். கசிவு கூடினால் இன்னும் சூடு. டிசம்பரில் எல்லா டெஸ்டும் பாஸ் செய்த ஓவர்கிளாக் ஏப்ரலில் நீலத்திரை காட்டுவதற்கு இது முக்கியக் காரணம். மெஷின் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. நீங்கள் எல்லையை நிர்ணயித்த மாதம் தப்பு.

பூந்தமல்லி நெடுஞ்சாலைத் தூசியையும் சேர்த்துக்கொள்ளுங்க. ஜன்னல் ஓரம் வைத்த கேபினட்டின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு?

அறிகுறியைப் படிக்கத் தெரிய வேண்டும்

காய்ச்சல் என்று வருபவர்கள் எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. "கிராஷ் ஆகுது" என்பதும் காய்ச்சல் மாதிரி தான். அது ஒரு அறிகுறி, நோயின் பெயர் அல்ல. எப்படி, எப்போது கிராஷ் ஆகிறது என்று பாருங்க.

கிராஷ் ஆகவில்லை, ஆனால் வேகம் தானாகக் குறைகிறது: சூடு. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தாளத்தைக் குறைக்கிறது. இதற்கு வோல்டேஜை ஏற்றுவது எரியும் அடுப்பில் விறகு வைப்பது.

எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் பட்டென்று மொத்தமும் ஆஃப் ஆகிறது: முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அடுத்து யுபிஎஸ். நம்ம வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பல மாடல்களில் 360 வாட் தான் தரும். ஓவர்கிளாக் செய்த ப்ராசஸரும் ஒரு பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். இங்கே குற்றவாளி ப்ராசஸரே அல்ல.

கனமான வேலை கொடுத்ததும் நீலத்திரை: அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை என்பதாக இருக்கலாம். ஏசி கம்ப்ரஸர் கிளம்பும்போது வீட்டு லைட் ஒரு நொடி மங்குகிறது அல்லவா, அதே மாதிரி திடீரென லோடு ஏறும்போது ப்ராசஸருக்கு வரும் வோல்டேஜும் சறுக்கும். இதற்கு நல்ல வைத்தியம் வோல்டேஜ் அல்ல, வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் குறைப்பது.

சும்மா இருக்கும்போது, பாட்டு கேட்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது: வோல்டேஜைக் குறைத்து அண்டர்வோல்ட் செய்தவர்களிடம் இது அதிகம். கனமான டெஸ்டில் பாஸ் ஆகி, லேசான வேலையில் தோற்கும். ஒன்றிரண்டு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும்போது வோல்டேஜ் பத்தவில்லை.

ஆன் செய்தாலே டிஸ்ப்ளே வரவில்லை: முதலில் ரேமைச் சந்தேகப்படுங்க. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று பயாஸில் ஒரே கிளிக்கில் ஆன் செய்கிறோமே, அதுவும் ஓவர்கிளாக்கிங் தான். பலருக்கு இது தெரியாது.

வேகம் அதிகமாகக் காட்டுகிறது, பெஞ்ச்மார்க் மார்க் மட்டும் குறைகிறது: எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். திரையில் தெரியும் கிகாஹெர்ட்ஸை நம்பாமல், வேலை எத்தனை நிமிடத்தில் முடிகிறது என்று பாருங்க.

வலி ஓரிடம், நோய் வேறிடம்

மாரடைப்பு வந்தவருக்குத் தாடையும் இடது தோளும் வலிக்கலாம். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாகத் தெரியலாம். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் நோயாளி கைவிட்டுப் போய்விடுவார்.

கம்ப்யூட்டரில் இது உலக அளவில் நடந்தது. இன்டெல்லின் 13வது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் 2022 அக்டோபரிலும், 14வது தலைமுறை 2023 அக்டோபரிலும் வந்தன. இவற்றை வைத்திருந்த பலருக்கு கேம் திறக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை வந்தது. கிராஃபிக்ஸ் கார்டு தான் பழுது என்று மக்கள் அதை மாற்றிப் பார்த்தார்கள். கோளாறு ப்ராசஸரில் இருந்தது. கேம் ஃபைல்களை விரிக்கும்போது ப்ராசஸர் தப்பாகக் கணக்குப் போட, அந்தத் தப்பு வீடியோ மெமரிப் பிழையாக வெளியே தெரிந்தது.

இவர்களில் பலர் ஓவர்கிளாக் செய்தவர்களே அல்ல. ஐ9க்கு இன்டெல் சொன்ன உச்ச மின்சக்தி 253 வாட். ஆனால் பல மதர்போர்டுகள் பெட்டியில் இருந்து எடுக்கும்போதே அந்த வரம்பை 4,000 வாட்டுக்கு மேல் வைத்திருந்தன. அதாவது வரம்பே இல்லை. வாங்கியவருக்குத் தெரியாமலே அவர் மெஷின் எல்லை தாண்டி ஓடியது.

பழி மதர்போர்டுக்கு மட்டும் அல்ல. 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது: தங்கள் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது என்று. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு வந்தது. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி கட்டுப்போட்டது. செப்டம்பரில் முழுக் காரணத்தையும் சொன்னார்கள். கோருக்குள் தாளம் கொண்டு போகும் சர்க்யூட், அதிக வோல்டேஜிலும் வெப்பத்திலும் சீக்கிரம் மூப்படைகிறது. அதன் பிறகு அதே வேகத்துக்கு முன்பை விட அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. கூடவே 0எக்ஸ்12பி என்ற அடுத்த மைக்ரோகோடும் வந்தது.

எல்லாவற்றையும் விட முக்கியமான வரி இது: அப்டேட் போட்டாலும் ஏற்கெனவே மூப்படைந்த சிப் பழைய நிலைக்குத் திரும்பாது. தடுக்கலாம், குணப்படுத்த முடியாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு 2 ஆண்டு வாரண்டியை நீட்டித்தார்கள். வழக்கமாக 3 ஆண்டு உள்ள பாக்ஸ் ப்ராசஸருக்கு மொத்தம் 5 ஆண்டு. உங்களிடம் இந்த வகை இருந்தால் பில்லைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்க. வாங்கிய தேதியைப் பாருங்க, உங்களுக்கு இன்னும் உரிமை இருக்கலாம்.

இது இன்டெல்லுக்கு மட்டும் வந்த வினை அல்ல. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. எக்ஸ்போ ஆன் செய்தபோது எஸ்ஓசி வோல்டேஜை மதர்போர்டுகள் அதிகமாக ஏற்றியது தான் பிரச்சினை. பிறகு 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி ஏஎம்டி வரம்பு வைத்தது.

பல்லாயிரம் கோடி ரூபாய் கம்பெனிகளே வோல்டேஜ் விஷயத்தில் கணக்கு தப்பியிருக்கிறார்கள். ஒரு ஃபோரத்தில் யாரோ எழுதிய எண்ணைப் பார்த்து நாம் ஏற்றுவது எந்த தைரியத்தில்?

சத்தம் போடாத தவறு

நீலத்திரை வந்தால் கோளாறு என்று தெரிந்துவிடும். நான் பயப்படுவது நீலத்திரை வராத கோளாறுக்கு.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வலிக்காது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்றுவிட்டுத்தான் தெரிய வரும். எல்லையில் நிற்கும் ப்ராசஸரும் ரேமும் அப்படித்தான். மெஷின் நிற்காமலே ஒரு பிட் மாறலாம். காப்பி எடுத்த ஃபோட்டோவில் பாதி சாம்பல் நிறம். ஜிப் ஃபைல் திறக்க மறுக்கிறது. இரண்டு நாள் கல்யாணத்தை ஷூட் செய்து ஹார்ட் டிஸ்கில் போட்டு, கேமரா கார்டை ஃபார்மட்டும் செய்த பிறகு அது தெரிந்தால்? அந்தத் தாலி கட்டும் நிமிடத்தை எந்த சர்வீஸ் சென்டரும் திருப்பித் தராது.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கு. அதில் டபிள்யூஹெச்இஏ என்ற பெயரில், திருத்தப்பட்ட ஹார்ட்வேர் பிழை என்று எச்சரிக்கைகள் வந்திருக்கா என்று மாசம் ஒரு தடவை பாருங்க. சர்க்கரைக்கு மூன்று மாதம் ஒருமுறை ரத்தம் பார்ப்பது போல.

சரி, எப்படிப் பரிசோதிப்பது?

1. எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டு வாங்க. எக்ஸ்எம்பியும் ஆஃப். பிறகும் கிராஷ் ஆனால் உங்கள் ஓவர்கிளாக் இப்போதைய காரணம் இல்லை. ரேம், எஸ்எம்பிஎஸ், சூடு, ஏற்கெனவே மூப்படைந்த சிப் என்று தேடுங்க.

2. பயாஸை அப்டேட் செய்யுங்க. வேலை செய்யும் யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீங்க. நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

3. மதர்போர்டின் "ஆட்டோ"வை நம்பாமல், ப்ராசஸர் கம்பெனி சொன்ன மின்சக்தி வரம்பைத் தேர்ந்தெடுங்க.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. ஒரே நாளில் நாலு மருந்து மாற்றினால் எது வேலை செய்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

5. ஒரே டெஸ்ட் போதாது. படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தாலும் டிரெட்மில்லில் ஓட வைத்துப் பார்க்கிறோம். சூட்டுக்கு பிரைம்95, ரேமுக்கு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86, பிறகு நீங்கள் தினமும் செய்யும் நிஜ வேலை. மூன்றிலும் பாஸ் ஆகணும். மெம்டெஸ்ட்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில் தான்.

6. பாஸ் ஆன வேகத்தில் நிற்காதீங்க. அதில் இருந்து 100 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கி நில்லுங்க. ஏசியை அணைத்து, மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை டெஸ்ட் செய்யுங்க. மே மாதத்தில் தாங்குவது தான் உங்கள் உண்மையான எல்லை.

7. பக்கத்து வீட்டுத் தம்பியின் செட்டிங்கைக் காப்பி அடிக்காதீங்க. ஒரே மாடல், ஒரே பெட்டி என்றாலும் இரண்டு சிப் ஒரே மாதிரி இருக்காது. அடுத்தவர் மருந்துச் சீட்டில் நாம் மாத்திரை வாங்குவதில்லையே.

என் கருத்து

ஓவர்கிளாக்கிங்கை நான் வெறுக்கவில்லை. அது ஒரு நல்ல விளையாட்டு, நல்ல படிப்பும் கூட. 2022 டிசம்பரில் ஒரு குழு திரவ ஹீலியம் ஊற்றி ஐ9-13900கே ப்ராசஸரை 9 கிகாஹெர்ட்ஸ் தாண்ட வைத்தது. ஹீலியத்தின் கொதிநிலை மைனஸ் 269 டிகிரி. படிக்கும்போது எனக்கும் புல்லரித்தது. மின்சாரமும் வெப்பமும் எப்படி வேலை செய்கின்றன என்று கற்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய மெஷினைக் கொடுத்து, கெட்டாலும் பரவாயில்லை என்று விடுங்க. நிறையக் கற்றுக்கொள்வார்கள்.

ஆனால் சோறு போடும் மெஷினில் வேண்டாம். அதில் இதற்கு நேர் எதிரானதைச் செய்யச் சொல்கிறேன். மின்சக்தி வரம்பைக் கொஞ்சம் குறைத்து வையுங்க. ஏஎம்டியில் ஈகோ மோட் என்றே ஒன்று இருக்கு. மேலே போட்ட கணக்கு தலைகீழாகவும் பொருந்தும். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் நிறைய மின்சாரமும் வெப்பமும் மிச்சம். ஃபேன் சத்தம் குறையும். சிப்பின் ஆயுள் கூடும்.

மிச்சமாகும் காசில் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ், இன்னொரு ஹார்ட் டிஸ்கில் பேக்கப். தெர்மல் பேஸ்ட்டை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்க. வேலையை வேகமாக முடிக்க இதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது, ஏனென்றால் நின்று போகாத மெஷின் தான் வேகமான மெஷின்.

அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயாஸில் என்ன மாற்றினீர்கள் என்று பில்லின் பின்னால் நாலு வரி எழுதிக் கொடுங்க. எக்ஸ்எம்பி ஆன், மின்சக்தி வரம்பு இத்தனை வாட், ஓவர்கிளாக் உண்டா இல்லையா. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்குப் ப்ராசஸர் கம்பெனிகளின் வாரண்டி பொருந்தாது. அதை வாங்குபவர் காசு கொடுக்கும் முன் தெரிந்துகொள்வது அவர் உரிமை.

வாங்குபவர்களே, எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்க. இன்று இரவே ஒரு தடவை பயாஸைத் திறந்து மின்சக்தி வரம்பு எவ்வளவு என்று பாருங்க. அங்கே 4,000க்கு மேல் ஒரு எண் இருந்தால், உங்கள் மெஷின் உங்களைக் கேட்காமலே ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வீட்டில் எடிட்டிங் வேலை செய்யும் நண்பர் யாராவது இருந்தால் அவருக்கு இதை அனுப்பி வையுங்க. வெயில் காலம் வருவதற்குள் படித்துவிட்டால் நல்லது.



அரசு மருத்துவமனை மருத்துவர்,
வானகரம்